யானையும் டெலிபோனும் அலுத்துப்போனவர்கள் புதுக் கட்சி தொடங்கலாமா?

மல்லிமூட்டை, கொட்டாஞ்சேனை:

கடை பூட்டி வந்து எழுதுகிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளமும் கூட.

எங்கள் வீடு யூ.என்.பி. வீடு, அதாவது யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சி வீடு. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. தாத்தா ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் நாலாம் குறுக்குத் தெருவில் மல்லி, சீரகம், செத்தல் மிளகாய் வியாபாரம் செய்தவர். 1948 குடியுரிமைச் சட்டம் வந்ததும் அவர் இந்த நாட்டுக்காரர் இல்லை என்றாகிவிட்டது. சட்டத்தைக் கொண்டுவந்தது டி.எஸ். சேனநாயக்கவின் யூ.என்.பி. அரசாங்கம். பிறகு பதிவுப் பிரஜையாகி, வாக்குச்சீட்டு கைக்கு வந்த முதல் தேர்தலில் மனிதர் யாருக்குப் போட்டார் தெரியுமா? யானைக்கு.

அப்பாவுக்கு வலதுசாரி, இடதுசாரி என்ற பேச்சே பிடிக்காது. 1970க்கும் 77க்கும் இடையில் சிறிமாவோ ஆட்சியில் கடைத் தட்டில் பாதி வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தவர். செத்தல் இறக்குமதி நின்றதும் யாழ்ப்பாணத்து மிளகாய்த் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள், புறக்கோட்டைக்காரர் படுத்தார்கள். 77இல் யூ.என்.பி.யின் ஜே.ஆர். ஜயவர்தன 168இல் 140 ஆசனம் எடுத்து வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டார். கடையைத் திறக்க விடுகிறவன் எவனோ அவனுக்கு வாக்கு. அப்பாவின் அரசியல் முழுதும் இவ்வளவுதான். 83 ஜூலையில் அதே ஆட்சியில் கடை எரிந்தது. ஆறு மாதம் கழித்துத் தகரம் அடித்துத் திறந்தார். அடுத்த தேர்தலிலும் யானை. ஏனப்பா என்று ஒரு தடவை கேட்டேன். "மற்றவன் வந்தால் எரிக்கக்கூட ஒன்றும் இருக்காதேடா" என்றார்.

இப்போது என் கணக்கு. 2020இல் டெலிபோனுக்கு, அதாவது யூ.என்.பி.யிலிருந்து பிரிந்த சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்திக்குப் போட்டேன். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யூ.என்.பி. தலைவர் ரணிலின் சிலிண்டருக்கு. அதே வருடம் நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் வீட்டில் படுத்துத் தூங்கினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. 2025 மேயில் மாநகர சபைக்குப் பழையபடி யானை, அதுவும் ஆளைத் தெரியும் என்பதால். ஒரே கொள்கைக்காரன் ஐந்து வருடத்தில் மூன்று சின்னம், ஒரு தூக்கம். குறை என்னிடமா, அவர்களிடமா?

எங்களுக்கு வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. வரி கட்டுகிறோம், ஆனால் மாதத்துக்கொரு விதி மாறக் கூடாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குடும்பம் என்று பழையதை மதிக்கிற ஆட்கள் வேண்டும். அரசாங்கம் வியாபாரம் செய்ய வேண்டாம். இதைச் சொல்கிற கட்சி என்று நினைத்தவர்களே 2024 ஜனவரியில், ரணில் ஜனாதிபதியாக இருந்தபோது, வற் (VAT) வரியை 18 வீதம் ஆக்கி, பதிவு எல்லையையும் வருடத்துக்கு எட்டுக் கோடியிலிருந்து ஆறு கோடிக்கு இறக்கினார்கள். என்னைப் போன்ற நடுத்தரக் கடைக்காரன் நேராக அதற்குள் விழுந்தான். நாடு வங்குரோத்து, வேறு வழியில்லை என்றார்கள். சரி, ஒத்துக்கொண்டேன். ஆனால் அதைச் சொல்ல ஒருத்தர் கடைத்தெருவுக்கு இறங்கி வந்தாரா?

போன வருடம் எங்கள் ஒழுங்கை வடிகால் விஷயமாக ஒரு கட்சி அலுவலகத்துக்குப் போனேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு பொடியன் வந்து பழைய கலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் என் நம்பரை எழுதிக்கொண்டான். இன்றுவரை அழைப்பு இல்லை. என் நம்பரில் ஒரு இலக்கம் குறைவாக எழுதினான், அதையும் பார்த்தேன். திருத்தச் சொல்ல மனம் வரவில்லை.

கடையில் பின்னேரம் ஐந்தாறு பேர் பிளேன்டீ குடிக்கக் கூடுவோம். துணிக்கடை, இரும்புக்கடை, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர். அங்கேதான் நான் கல்குலேட்டரை எடுத்தேன். 2024 ஜனாதிபதித் தேர்தலில் சஜித் 32.76 வீதம், ரணில் 17.27. கூட்டினால் 50.03! பிரிந்து நின்றதால் திசைகாட்டிச் சின்னத்து அனுர (தேசிய மக்கள் சக்தி) 42.31இல் முன்னுக்குப் போனார். இரண்டு மாதத்தில் பாராளுமன்றத் தேர்தல்: டெலிபோன் 17.66, சிலிண்டர் 4.49. பாதி நாடு இரண்டே மாதத்தில் 22 வீதத்துக்கு உருகிவிட்டது. அந்த மிச்சப் பேர் எங்கே போனார்கள்? சிலர் திசைகாட்டிக்கு, சிலர் என்னைப் போலத் தூங்கப் போனார்கள்.

அப்போதுதான் இரும்புக்கடைக்காரர் சொன்னார், இரண்டையும் விட்டுவிட்டு நாங்களே தொடங்கினால் என்ன என்று. சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் எப்படியோ விஷயம் வெளியே போய், வீடு வாங்கி விற்கிற தரகர் ஒருவர் எனக்குப் போன் எடுத்து, "பதிவான கட்சி ஒன்று சும்மா கிடக்கிறது, பார்க்கிறீர்களா?" என்கிறார். காணித் துண்டு மாதிரி.

கேள்வி இதுதான். அதிருப்தியில் இருக்கிற பச்சைக்காரர் (யூ.என்.பி. ஆட்கள்) உள்ளே இருந்து சண்டை பிடிப்பதா, இரண்டு கட்சியும் ஒன்றாகும் என்று வாய் பார்த்துக்கொண்டிருப்பதா, புதிதாக ஒன்று தொடங்குவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். திட்டுவதானாலும் பரவாயில்லை, காரணத்தோடு திட்டுங்கள்.


பழைய ஏஜென்ட், மட்டக்குளி:

தம்பி, நான் முப்பது வருடம் போலிங் ஏஜென்டாக இருந்தவன். புதுக் கட்சியிலும் இருந்து பார்த்தவன். 1991இல் யூ.என்.பி. ஜனாதிபதி பிரேமதாசவைப் பதவி நீக்கக் குற்றப் பிரேரணை கொண்டுவந்து தோற்று, அதே கட்சியின் பெரிய தலைகளான லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் வெளியே வந்து ராஜாளிச் சின்னத்தில் கட்சி தொடங்கியபோது நானும் பின்னால் போனேன். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். படித்தவர்கள், வியாபாரிகள், நீங்கள் சொல்கிற அதே ஆட்கள். 93 ஏப்ரல் 23 கிருலப்பனையில் லலித்தைச் சுட்டார்கள். எட்டு நாளில், மே தினத்தன்று, ஆமர் வீதியில் பிரேமதாசவும் போய்விட்டார். யாரை எதிர்த்துக் கட்சி தொடங்கினோமோ அவரே இல்லை என்றதும் காமினி யானைக்குத் திரும்பினார். 94 ஒக்டோபரில் அவரும் தொட்டலங்கவில், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு கதை சொல்கிறேன், இது உங்களுக்கு உதவும். 2006 மாநகர சபைத் தேர்தலில் கொழும்பில் யூ.என்.பி.யின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. கொழும்பில் யானை இல்லாத வாக்குச்சீட்டு! கட்சி ஒரு சுயேச்சைக் குழுவுக்கு வாக்களிக்கச் சொன்னது. சின்னம் மூக்குக்கண்ணாடி. எங்களுக்கு இருந்தது சில வாரம்தான். நான் என் பழைய வாசிப்புக் கண்ணாடியை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வாசலில் நின்று கண்ணாடியைத் தூக்கிக் காட்டுவது, "இந்த முறை இது" என்பது, அடுத்த வீடு. ஒரு பாட்டி என்னை நிறுத்தி, "யானைக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்களா மகன்?" என்று கேட்டார். ஆமாம் ஆச்சி, வயசாகிவிட்டது என்றேன்.

கண்ணாடி வென்றது. முச்சக்கர வண்டி ஓட்டுகிற ஒருவர் கொழும்பு மேயரானார். வென்ற பிறகு வந்த இழுபறிகள் வேறு கதை.

இதிலிருந்து நான் கண்டது, சனம் சின்னத்துக்குப் போடுகிறது என்பது பொய். வாசலுக்கு வந்து சொல்கிற ஆளுக்குப் போடுகிறது. அன்று ஒவ்வொரு தோட்டத்திலும் (நெருக்கமான வரிசை வீட்டுக் குடியிருப்பிலும்) சொல்ல ஆள் இருந்தது. இன்று கட்சிக்கு என்னைப் போன்ற கிழவன்கள்தான் மிச்சம், எங்களுக்கு மாடிப்படி ஏற முழங்கால் விடாது. நீங்கள் யானையில் நின்றாலும் புதுச் சின்னத்தில் நின்றாலும் இந்த ஓட்டையை அடைக்காமல் ஒன்றும் ஆகாது. அந்தத் தரகருக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.


கறுப்புக்கோட்டு, வெள்ளவத்தை:

தரகர் சிரிப்பாக இருந்தாலும் அவர் சந்தையை அறிந்தவர். புதிதாக ஒரு கட்சியைப் பதிவு செய்யத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்தால், தொடர்ந்து நாலு வருடமாவது அரசியலில் ஈடுபட்டதாகக் காட்ட வேண்டும். அவசரத்தில் இருப்பவர்களால் அது முடியாது. அதனால் இந்த நாட்டில் 'புதுக் கட்சி' என்று வருவது பெரும்பாலும் பழைய கட்சிக்குப் பெயர்ப்பலகை மாற்றியதுதான். ஐக்கிய மக்கள் சக்தியே 'அபே ஜாதிக பெரமுன' என்று பதிவாகிக் கிடந்த கட்சி. ராஜபக்சக்களின் மொட்டுக்கும் அப்படி ஒரு முற்பிறவி உண்டு. ஜனாதிபதித் தேர்தலில் அன்னச் சின்னத்தில் நின்றவர்களைப் பாருங்கள்: 2010இல் பொன்சேகா, 2015இல் மைத்திரி, 2019இல் சஜித். கல்யாண மண்டபம் போல, குடும்பம் மட்டும் மாறும்.

வாங்கினால் என்ன வரும் என்பதையும் கணக்குப் பாருங்கள். மாவட்டத்தில் 5 வீதம் தாண்டாவிட்டால் ஆசனப் பங்கீட்டுக்கே எடுக்க மாட்டார்கள். முன்பு இது 12.5 ஆக இருந்தது. 1988இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் அழுத்தம் கொடுத்து இறக்க வைத்தார். கொழும்பு மாவட்டத்தில் 2024இல் 18 ஆசனம், திசைகாட்டி 14, டெலிபோன் 4, வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. 1946இல் தொடங்கிய யூ.என்.பி.யே 2020இல் நாடு முழுவதும் 249,435 வாக்கு, 2.15 வீதம், ஒரு தேசியப் பட்டியல் ஆசனம். பேரும் கட்டிடமும் கொடியும் இருந்தும் இந்த நிலை. உங்கள் பிளேன்டீக் கட்சிக்கு?

ஆனால் நீங்கள் சொன்ன 50.03இல் ஒரு பிழை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. பிரிந்து நின்றதால் தோற்றார்கள் என்கிறீர்கள். ஜனாதிபதித் தேர்தலில் பிரிந்து நின்றாலும் நட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான் இரண்டாம், மூன்றாம் விருப்பு இருக்கிறது. ரணிலுக்கு 1 போட்டவர் சஜித்துக்கு 2 போட்டிருக்கலாம். 2024இல் யாருக்கும் பாதி கிடைக்காததால் முதல் தடவையாக அந்த விருப்புகளை எண்ணினார்கள். முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் விழுந்தது 33 லட்சத்துக்கு மேல். அதிலிருந்து சஜித்துக்குக் கூடியது 167,867. அனுரவுக்கு 105,264. மற்றவர்கள் 2 என்ற இலக்கத்தை எழுதவே இல்லை, அல்லது இவர்கள் இருவருக்கும் எழுதவில்லை. ஆக, அந்த 50.03 ஒரே பானைச் சோறு இல்லை. ரணிலுக்குப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு சஜித் இரண்டாவதாகக்கூட வேண்டாம். (நீங்கள் 2 போட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.)


பனிக்காலம், ஸ்காபரோ:

கொட்டாஞ்சேனையில் பிறந்தவன்தான் நானும், இங்கே வந்து இருபத்தாறு வருடம். இங்கே இந்தக் கதை நடந்து முடிந்துவிட்டது. மேற்கு மாகாணங்களில் கொன்சர்வேடிவ் ஆட்கள் தங்கள் கட்சியோடு கோபித்துக்கொண்டு 1987இல் பிரெஸ்டன் மானிங் தலைமையில் ரிஃபோர்ம் கட்சி தொடங்கினார்கள். 1993 தேர்தலில் ரிஃபோர்ம் 52 ஆசனம். அதுவரை நாட்டை ஆண்ட பழைய கொன்சர்வேடிவ் கட்சி எத்தனை தெரியுமா? இரண்டு. இரண்டு பேர் ஒரு ஓட்டோவில் பாராளுமன்றம் போகலாம். ஆனால் ஆட்சிக்கு வந்தது லிபரல். 1997இலும் லிபரல், 2000இலும் லிபரல். 2003 டிசம்பரில் அலுத்துப்போய் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 2006இல்தான் ஹார்ப்பர் பிரதமர்.

இதைத் தோல்வி என்றும் சொல்லலாம், வெற்றி என்றும் சொல்லலாம். ஒன்றான கட்சியின் தலைவராக வந்தவர் ரிஃபோர்மிலிருந்து வந்த ஹார்ப்பர்தானே. வெளியே போய் அடித்து, திரும்பி வந்து வீட்டுக்காரன் ஆனார்கள். ஆனால் 1993இலிருந்து எண்ணினாலே பதின்மூன்று வருடம், உனக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா மச்சான்? 2018இல் இன்னொருவர், மக்சிம் பேர்னியே, அதே கட்சியிலிருந்து பிரிந்து போனார். 2021இல் கிட்டத்தட்ட 5 வீதம் எடுத்தார், ஆசனம் பூச்சியம். இங்கே தொகுதி முறை என்பதால் அப்படி. உங்களுடையது விகிதாசாரம், கொஞ்சம் கருணை உள்ள முறை. அதனால்தான் உங்கள் ஊரில் ஆளுக்கொரு கட்சி.


மருதானை ரயில்:

அண்ணா, திட்டலாம் என்று சொன்னதால் எழுதுகிறேன். நான் திசைகாட்டிக்குப் போட்டவள். எங்கள் வீடும் பச்சை வீடுதான், அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

"எங்களுக்கு வேண்டியது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "எங்கள்" யார்? யூ.என்.பி.யிலிருந்து கோபித்துக்கொண்டு போய்ப் பெரிதாக வென்ற முதல் ஆள் பண்டாரநாயக்க. 1951இல் போய்ச் சுதந்திரக் கட்சி தொடங்கினார், 1952இல் 9 ஆசனம், 1956இல் கூட்டணியாக 51, யானை 8. பழையதை மதிக்கிறோம், மதத்தைக் காப்பாற்றுகிறோம், கிராமத்துப் பெரியவர்களைக் கூப்பிடுகிறோம் என்றுதான் அவரும் போனார். அது எங்களுக்குத் தனிச் சிங்களச் சட்டமாக வந்து சேர்ந்தது. இந்த நாட்டில் பழமை பேசுகிற புதுக் கட்சி ஒன்று வளர வேண்டுமென்றால் அது எந்தப் பக்கம் போய் வாக்குத் தேடும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் கொட்டாஞ்சேனைக் கோயிலைக் காப்பாற்றவா?

தமிழர் பக்கம் உதாரணம் வேண்டுமானால் செல்வநாயகம். அவர் இருந்த தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்ததும், உங்கள் தாத்தாவின் வாக்குரிமையைக் கேட்டு, 1949இல் வெளியே வந்து தமிழரசுக் கட்சி தொடங்கினார். 1952இல் இரண்டே ஆசனம், அவரே காங்கேசன்துறையில் தோற்றார். 56இல் பத்து. அவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது, அதனால் நின்றது. வற் வரிக்காக ஒரு கட்சி நிற்குமா?

இன்னொன்று. திசைகாட்டி 2020இல் எத்தனை ஆசனம்? மூன்று. 2024இல் 159. நடுவில் அவர்கள் கட்சியை விற்கவில்லை, பெயரை மாற்றவில்லை. 2022இல் ஜனாதிபதி கோட்டாபய விழுந்தது பெரிய காரணம், சரி. ஆனால் எங்கள் பிளட்ஸில் 2022இலிருந்து மாதத்துக்கொரு தடவை ஒரு டீச்சர் வருவார். தண்ணீர் வருகிறதா, லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கேட்பார். கட்சி பற்றிப் பேசவே மாட்டார். அவர் பையில் நோட்டு ஒன்று இருக்கும், கதவு இலக்கம் போட்டு, யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்பது வரை எழுதியிருப்பார். நம்பரில் இலக்கம் குறையாது அண்ணா.

இப்போது அவரும் வருவது குறைந்துவிட்டது, ஆட்சியில் இருக்கிறார்கள் அல்லவா. அதுவும் எனக்குத் தெரியும்.


மல்லிமூட்டை, கொட்டாஞ்சேனை:

எல்லோருக்கும் நன்றி. கறுப்புக்கோட்டு ஐயா, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்: நான் 2 போடவில்லை. போடலாம் என்பதே அன்று மனதில் வரவில்லை. பழக்கதோஷம். ஒன்று போட்டால் சீட்டை மடித்துவிடும் கை.

தங்கச்சி, 56 பற்றிச் சொன்னது குத்தியது. எங்கள் பிளேன்டீக் கூட்டத்தில் ஐந்து பேர் தமிழும் முஸ்லிமும், ஒருவர்தான் சிங்களவர், அவர் வங்கி முகாமையாளர். "நீங்கள் தொடங்குங்கள், நான் ஆலோசனை சொல்கிறேன்" என்றுதான் அவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த வாக்கியத்தை நான் இத்தனை நாள் சரியாகக் கவனிக்கவில்லை.

ஆனால் ஒன்றாகிவிட்டால் சரியாகிவிடும் என்பவர்களோடும் நான் இல்லை. 2025 ஜூனில் எங்கள் மாநகர சபையில் மேயர் தெரிவைப் பார்த்தோமே. 117 பேரில் திசைகாட்டி 48. மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்தால் 69. இரகசிய வாக்கெடுப்பு முடிந்து பெட்டியைத் திறந்தால் திசைகாட்டிக்கு 61, எதிர்த்தரப்புக்கு 54. மேடையில் கைகோத்து நின்றவர்கள் பெட்டிக்குள் வேறு கோடு போட்டிருக்கிறார்கள். இவர்களை ஒரே கொடியின் கீழ் நிறுத்தினால் மட்டும் என்ன ஆகிவிடும்?

பனிக்காலம், பதின்மூன்று வருடத்தில் எனக்கு அறுபத்தெட்டு வயதாகும். சீனி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. ஹார்ப்பர் ஆவது கஷ்டம்.

தரகர் இன்று காலையும் எடுத்தார். சரி, கட்சியின் சின்னம் என்ன என்று கேட்டேன். "அதைப் பிறகு பார்ப்போம், முதலில் அட்வான்ஸ்" என்றார். வைத்துவிட்டேன்.

ஏஜென்ட் ஐயா, உங்கள் கண்ணாடிக் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 2006இல் எங்கள் வாசலுக்கும் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாராம், கண்ணாடிக்கு ஒரு கால் இல்லையாம். அது நீங்களா?

அப்புறம் நேற்றுப் பின்னேரம் கடைப் பற்றுக் கொப்பியின் கடைசித் தாளில் என் ஒழுங்கையை எழுதிப் பார்த்தேன். 34 வீடு. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவை பதினொன்று. அந்தப் பதினொன்றில் நாலு வீட்டுப் பெயர் அதே கொப்பியின் முன்பக்கத்திலும் இருக்கிறது, பாக்கிக் கணக்கில். என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மீதி ஏழிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன், என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. வடிகாலைப் பற்றிக் கேட்கவா?


பழைய ஏஜென்ட், மட்டக்குளி:

கால் உடைந்த கண்ணாடி என்றால் நான்தான். வடிகாலைக் கேளுங்கள். கொப்பியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.